பந்தாட்டம் நின்ற மைதானம்

உலகத்தில் எத்தனையோ டென்னிஸ் மைதானங்கள் இருக்கின்றன. வெள்ளைக் கோடுகள் போட்டு, நடுவில் வலை கட்டி, மாலை வேளையில் எதிரெதிரே நின்று பந்தடிப்பதற்காக ஏற்பட்டவை அவை. நமது தேசத்தின் வடகிழக்கு மூலையில், மலைச் சரிவு ஒன்றில், வேறொரு மாதிரி டென்னிஸ் மைதானம் இருக்கிறது. எந்த மழையிலும் அழியாதபடி அதன் கோடுகளை நிலையாகப் பதித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் 1944-ம் வருஷத்து வசந்த காலத்துக்குப் பிறகு அங்கே பந்தாட்டம் இல்லை. அந்தக் கோடுகளைச் சூழ்ந்து, மலைச் சரிவில் படிப்படியாக, 1,420 பேருடைய கல்லறைகள் இருக்கின்றன.

அந்த ஊரின் பெயர் கோஹிமா. இன்று நாகாலாந்து மாநிலத்தின் தலைநகரம். 1944-ல் நாகாலாந்து என்று ஒரு மாநிலம் கிடையாது. அது 1963-ல்தான் பிறந்தது. அப்போது கோஹிமா, அஸ்ஸாமைச் சேர்ந்த நாகா மலை ஜில்லாவின் தலைமை ஸ்தலம். ஒரு பெரிய நாகா கிராமம், சில சர்க்கார் கட்டடங்கள், ஓர் ஆஸ்பத்திரி, சிப்பாய்கள் தங்கும் கொட்டகைகள், ஜில்லா அதிகாரியான டெபுடி கமிஷனரின் பங்களா - இவ்வளவுதான் ஊர். அந்தப் பங்களாவின் தோட்டத்தில்தான் டென்னிஸ் மைதானம் இருந்தது.

இத்தனை சிறிய ஊருக்காக இரண்டு பெரிய சாம்ராஜ்யங்கள் ஏன் மோதிக்கொண்டன? பூகோளப் படத்தை எடுத்துப் பார்த்தால் காரணம் விளங்கிவிடும். சமவெளியில் திமாப்பூர் என்ற ரயில் நிலையம். அங்கேதான் கிழக்கு எல்லைச் சேனைக்கு வேண்டிய அரிசி, மாவு, பெட்ரோல், வெடிமருந்து எல்லாம் மைல் கணக்கில் குவிந்து கிடந்தன. திமாப்பூரிலிருந்து மலையேறி, கோஹிமா வழியாக இம்பாலுக்கு ஒரே ஒரு நல்ல சாலை. இம்பாலில் பெரிய சேனை ஒன்று இருந்தது. கோஹிமாவைப் பிடித்தால் அந்தச் சாலை அறுந்தது. சாலை அறுந்தால் இம்பாலில் இருந்த சேனையின் வயிறு காய்ந்தது.

இதை ஜப்பானிய சேனாதிபதி முதகுச்சி நன்றாக அறிந்திருந்தார். 1942-ல் பர்மாவிலிருந்து பிரிட்டிஷாரை விரட்டிவிட்ட ஜப்பானியர், 1944 மார்ச்சில் சிந்துவின் நதியைக் கடந்து இந்தியாவுக்குள் புகுந்தார்கள். மூன்று டிவிஷன்கள் வந்தன. இரண்டு இம்பாலை நோக்கித் திரும்பின. ஜெனரல் சாட்டோ என்பவரின் தலைமையில் வந்த 31-வது டிவிஷன் கோஹிமாவை நோக்கிக் கிளம்பியது.

சிந்துவின் நதிக்கும் கோஹிமாவுக்கும் இடையே இருப்பது சாதாரண மலை அல்ல. மடிப்பு மடிப்பாக எழுந்து நிற்கும் காட்டு மலைகள். அவற்றின் ஊடே ஒரு பெரும் படை வர முடியாது, மிஞ்சிப் போனால் ஒரு ரெஜிமெண்ட் வரலாம் என்றுதான் பிரிட்டிஷ் தளபதிகள் கணக்குப் போட்டிருந்தார்கள். வந்ததோ ஒரு முழு டிவிஷன். பன்னிரண்டாயிரத்திலிருந்து பதினைந்தாயிரம் பேர், மலைப் பீரங்கிகளோடு வந்து நின்றார்கள்.

ஆனால் அவர்கள் முதுகில் இருந்தது மூன்று வார உணவு மட்டுமே. இறைச்சிக்காகவும் சுமைக்காகவும் ஓட்டி வந்த மாடுகளில் பல ஆற்றோடு போயின; பல மலைப் பாதையில் செத்தன. மூன்று வாரத்துக்குள் பிரிட்டிஷாரின் கிடங்குகளைப் பிடித்துச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்பது முதகுச்சியின் ஏற்பாடு. பிறர் வீட்டு அடுப்பை நம்பி உலை வைத்த கதைதான்! சாட்டோவுக்கு அந்த ஏற்பாட்டில் நம்பிக்கை இல்லை. பட்டினியால் சாக நேரிடலாம் என்று புறப்படுவதற்கு முன்பே தம் அதிகாரிகளிடம் அவர் சொல்லியிருந்தார். சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டார். சேனையில் உத்தரவு என்றால் அப்படி.

கோஹிமாவில் அப்போது சுமார் 2,500 பேர் இருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ ஆயிரம் பேர் குமாஸ்தாக்கள், சமையற்காரர்கள், கூலி வேலை செய்பவர்கள் - துப்பாக்கி பிடித்துப் பழகாதவர்கள். மற்றவர்கள் அஸ்ஸாம் ரெஜிமெண்ட், அஸ்ஸாம் ரைபிள்ஸ், கடைசி நேரத்தில் ஓடி வந்து சேர்ந்த ராயல் வெஸ்ட் கெண்ட் என்ற ஆங்கிலப் பட்டாளம் முதலியவற்றைச் சேர்ந்தவர்கள். காவற்படையின் தலைவர் கர்னல் ரிச்சர்ட்ஸ். அஸ்ஸாம் ரெஜிமெண்ட் சிப்பாய்கள் அதற்கு முன்பே ஜெஸ்ஸாமி, கராசோம் என்ற இரு ஊர்களில் நின்று ஜப்பானியரைத் தடுத்துச் சில நாட்களைச் சம்பாதித்துக் கொடுத்திருந்தார்கள். அந்தச் சில நாட்கள் கிடைத்திராவிட்டால் கோஹிமா பிழைத்திருக்குமா என்பது சந்தேகமே.

ஏப்ரல் 4-ந் தேதி சண்டை ஆரம்பமாயிற்று. இரண்டொரு நாட்களில் தண்ணீர்த் துறை ஜப்பானியர் கைக்குப் போய்விட்டது. பிறகு மலையின் வடபுறத்தில் ஒரு சிறு ஊற்றைக் கண்டுபிடித்தார்கள். இரவில் இருட்டிலே பதுங்கிப் போய்த்தான் அதிலிருந்து தண்ணீர் கொண்டுவர முடியும். ஆகாய விமானங்கள் பாராசூட்டில் தண்ணீரும் குண்டுகளும் போட்டன. சில, நேராக எதிரியின் கையிலேயே போய் விழுந்தன. காயம் பட்டவர்கள் பள்ளங்களில் வரிசையாகக் கிடந்தார்கள். அங்கே கிடந்தபோதே மறுபடியும் குண்டு பட்டவர்கள் பலர். நாளுக்கு நாள் வளையம் குறுகிக்கொண்டே வந்து, கடைசியில் சுமார் 350 கஜ அகலமுள்ள ஒரு குன்றின் தலையில் எல்லோரும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள்.

டெபுடி கமிஷனரின் பெயர் சார்லஸ் பாஸி. சண்டை வருகிறது என்று தெரிந்தும் அவர் ஊரைவிட்டுப் போகவில்லை. அவருடைய பங்களா இடிந்தது, தோட்டம் போர்க்களமாயிற்று. டென்னிஸ் மைதானத்தின் ஒரு பக்கத்தில் ஜப்பானியர் பள்ளம் தோண்டிக்கொண்டார்கள். மறு பக்கத்தில் இவர்கள். நடுவே இருபது கஜ தூரந்தான். பந்து போக வேண்டிய இடத்தில் கைக்குண்டுகள் போயின, வந்தன. இராத்திரி வேளையில் எதிரி பேசுவது காதில் விழும். ஓர் ஓரத்தில் நின்ற செர்ரி மரத்தில் ஜப்பானியத் துப்பாக்கிக்காரர்கள் ஏறியிருந்து குறி பார்த்துச் சுட்டார்கள்.

வெஸ்ட் கெண்ட் பட்டாளத்தில் ஜான் ஹார்மன் என்று ஒரு லான்ஸ் கார்ப்பொரல் இருந்தார். அவருடைய தகப்பனார் இங்கிலாந்தில் ஒரு தீவுக்கே சொந்தக்காரர். பிள்ளையோ சேனையில் கிட்டத்தட்டக் கடைசிப் படியில் இருந்தார். இயந்திரத் துப்பாக்கி வைத்திருந்த ஒரு ஜப்பானியப் பள்ளத்தை நோக்கித் தனியாக ஓடி, அதிலிருந்தவர்களைக் கொன்றுவிட்டுத் திரும்பி வரும் வழியில் குண்டுபட்டு விழுந்தார். விக்டோரியா கிராஸ் அவருக்குப் பிறகு கிடைத்தது. கல்லறை கோஹிமாவிலேயே இருக்கிறது.

ஏப்ரல் 18-ல் முதல் உதவிப் படை வந்து சேர்ந்தது. முற்றுகை தீர்ந்தது, சண்டை தீரவில்லை. இப்போது பிரிட்டிஷ் 2-வது டிவிஷனும் இந்தியப் பட்டாளங்களும், பதுங்கு குழிகளில் வேரூன்றிவிட்ட ஜப்பானியரைப் பிடுங்கி எறிய வேண்டியிருந்தது. அதற்கு இன்னும் பல வாரங்கள் சென்றன. மே 13-ந் தேதி, படாத பாடு பட்டு ஒரு டாங்கியை மேலே ஏற்றி, டென்னிஸ் மைதானத்துக்குள் இறக்கி, நேருக்கு நேராகப் பீரங்கியால் சுட்ட பிறகுதான் அந்த இடம் கைக்கு வந்தது.

மழைக் காலம் வந்தது. ஜப்பானியருக்கு அரிசி வரவில்லை, குண்டுகளும் வரவில்லை. சாட்டோ கேட்டுக் கேட்டுப் பார்த்தார். கடைசியில் ஜூன் மாதம் பிறக்கும் சமயத்தில், மேலிடத்து உத்தரவுக்கு மாறாகத் தம் படையைத் திருப்பிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஜப்பானிய சேனையில் ஒரு டிவிஷன் தளபதி இப்படிச் செய்வது கேள்விப்படாத காரியம். அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். வயிற்றைக் கிழித்துக்கொண்டு மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவர் உடன்படவில்லை. விசாரணை நடந்தால் தம் கட்சியை எடுத்துச் சொல்வதற்குக் காத்திருந்தார். மூளை சரியில்லை என்று டாக்டர்களைக் கொண்டு சொல்ல வைத்து, விசாரணை இல்லாமலே விஷயத்தை மூடிவிட்டார்கள். பட்டினி கிடந்தவர்களை மேலும் கொல்ல மறுத்தவருக்குப் பைத்தியக்காரப் பட்டம்! சரித்திரத்தில் இப்படிப்பட்ட பைத்தியங்கள் இன்னும் கொஞ்சம் அதிகமாக இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

ஜூன் 22-ந் தேதி, கோஹிமாவிலிருந்து போன படையும் இம்பாலிலிருந்து வந்த படையும் சாலையில் 109-வது மைல் கல்லில் சந்தித்தன. கோஹிமாவில் மட்டும் பிரிட்டிஷ் - இந்தியப் படைகளில் சுமார் 4,000 பேர் மாண்டோ காயமுற்றோ காணாமலோ போனார்கள். ஜப்பானியர் தரப்பில் இன்னும் அதிகம். இம்பால், கோஹிமா இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சுமார் 30,000 ஜப்பானியர் உயிரிழந்தார்கள். அவர்களில் பெரும் பகுதியைக் கொன்றது குண்டு அல்ல; பசியும் மலேரியாவும் பேதியுந்தான்.

சண்டையின் கதை இவ்வளவு. ஞாபகச் சின்னங்களின் கதை இனிமேல்தான்.

யுத்தத்தில் இறந்த பிரிட்டிஷ் சாம்ராஜ்யச் சிப்பாய்களின் கல்லறைகளைப் பராமரிப்பதற்கென்று 1917-ல் ஒரு கமிஷன் ஏற்பட்டது. தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல். பணக்காரன் பிள்ளைக்கும் ஏழையின் பிள்ளைக்கும் வித்தியாசம் இல்லை. இது அவர்கள் வகுத்துக்கொண்ட விதி. நல்ல விதி. கோஹிமாவில் தீவுக்குச் சொந்தக்காரரின் மகனும் பெயர் தெரியாத கூலிக்காரரின் மகனும் ஒரே பூமியில் ஒரே மாதிரி கிடக்கிறார்கள்.

இந்துக்களும் சீக்கியர்களும் புதைக்கப்படவில்லை. அவர்கள் வழக்கப்படி தகனம் செய்யப்பட்டார்கள். எனவே அவர்களுக்குக் கல்லறை இல்லை. மயானத்தின் உயரமான இடத்தில் தனியாக ஒரு நினைவுச் சின்னம் எழுப்பி, அதில் 917 பேருடைய பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். வருகிறவர்களில் பலர் டென்னிஸ் மைதானத்தைப் பார்த்துவிட்டு, சிலுவையைப் பார்த்துவிட்டு, கீழே இறங்கிப் போய்விடுகிறார்கள். நீங்கள் போனால் இந்தப் பெயர்களுக்கு முன்னால் சற்று நில்லுங்கள். ஒரு கிராமம், ஒரு தாய், மணியார்டர் வரும் நாளை எண்ணிக்கொண்டிருந்த ஒரு மனைவி இல்லாத பெயர் அதில் ஒன்றாவது இருக்குமா?

மேலே சொன்ன விதி எல்லா இடத்திலும் நடந்ததா என்று கேட்டால், இல்லை என்பதுதான் பதில். முதல் உலக யுத்தத்தில் இறந்த ஆசிய, ஆப்பிரிக்கச் சிப்பாய்களில் மிகப் பலருக்குப் பெயர் பொறித்த கல் வைக்கப்படவில்லை. சமத்துவம் என்ற விதி அவர்கள் விஷயத்தில் காற்றில் பறந்தது. இதை அந்தக் கமிஷனே 2021-ல் விசாரணை நடத்தி ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. ஒரு நூற்றாண்டு கழித்து வந்த மன்னிப்பு. ஆனாலும் வந்ததே! கல்லில் பெயர் இருப்பதும் இல்லாததும் சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் இதை யோசித்துப் பார்க்கட்டும்.

மயானத்தின் வாசலருகே 2-வது டிவிஷனின் ஞாபகக் கல் இருக்கிறது. பெரிய பாறைக் கல். அதை மலைமேல் இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தவர்கள் நாகர்கள். பெருங்கல்லை ஊர் கூடி இழுத்து வந்து நடுவது அவர்களுடைய பழைய வழக்கம். போரில் பட்டவனுக்கு நடுகல் நட்டுப் பீலி சூட்டிய பரம்பரையில் வந்த நமக்கு இதைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கல்லில் பொறித்திருக்கும் வாசகம் உலகப் பிரசித்தமானது. ஜான் மாக்ஸ்வெல் எட்மண்ட்ஸ் என்ற ஆங்கிலப் புலவர் எழுதியதாகச் சொல்வார்கள். தெர்மாப்பிலிக் கணவாயில் இறந்த ஸ்பார்ட்டா வீரர்களைப் பற்றி சைமனிடிஸ் என்ற கிரேக்கக் கவி பாடிய பாட்டின் சாயல் அதில் உண்டு. இறந்தவர்கள், வீடு திரும்பும் தோழர்களிடம் ஒரு செய்தி சொல்லி அனுப்புவது போல் அமைந்தது.

அந்த நாகர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த யுத்தத்தை அவர்கள் கேட்கவில்லை. யாரோ இரண்டு பேருடைய சண்டை அவர்கள் வீட்டு முற்றத்தில் வந்து நடந்தது. கோஹிமா கிராமம் தரைமட்டமாயிற்று. அப்படியும் அவர்கள் காயம்பட்டவர்களைச் செங்குத்தான மலைச் சரிவில் தூக்கிச் சென்றார்கள், வழி காட்டினார்கள், எதிரியின் நடமாட்டத்தைச் சொன்னார்கள். அவர்களுடைய உதவியைப் பிரிட்டிஷ் தளபதி ஸ்லிம் தம் புத்தகத்தில் மனமாரப் புகழ்ந்திருக்கிறார். அறுபது வருஷங்களுக்குப் பிறகு, கிழவர்களாகிவிட்ட 2-வது டிவிஷன் சிப்பாய்கள் பணம் திரட்டி நாகாக் குழந்தைகளின் படிப்புக்காக ஒரு டிரஸ்ட் ஏற்படுத்தினார்கள். என்னைக் கேட்டால், கோஹிமாவின் ஞாபகச் சின்னங்களில் இதையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும் என்பேன்.

சரி, தோற்றவர்களுக்கு? முப்பதாயிரம் ஜப்பானியரில் பெரும்பாலோருக்குக் கல்லறை கிடையாது. சிந்துவின் நதிக்குத் திரும்பிய வழியெங்கும் காட்டிலே கிடந்து மக்கிப்போனார்கள். அவர்களுக்காக இம்பாலுக்குத் தெற்கே, செங்குன்றின் அடிவாரத்தில், ஜப்பானிய சர்க்கார் 1994-ல் ஒரு சமாதானச் சின்னம் கட்டியது. ஐம்பது வருஷம் ஆயிற்று அதற்கு.

இந்தப் படையெடுப்பில் இன்னொரு சேனையும் இருந்தது. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம். அதை மறந்துவிட்டு இந்தக் கதையை ஓர் இந்தியன் சொல்லி முடிக்க முடியாது. தமிழன் சொல்லவே முடியாது. மலாயா நாட்டு ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்கள் ஆயிரக் கணக்கில் அதில் சேர்ந்தார்கள். ஜான்சி ராணி படையில் சேர்ந்த பெண்களில் பலர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். அவர்களுக்குத் தலைவி சென்னையில் பிறந்த காப்டன் லட்சுமி. 1944 ஏப்ரல் 14-ல் மணிப்பூரில் மொய்ராங் என்ற ஊரில் கர்னல் மாலிக் மூவர்ணக் கொடியை ஏற்றினார். காந்தி பிரிகேடைச் சேர்ந்தவர்கள் பாலேல் பக்கத்தில் போரிட்டார்கள். பட்டினியும் காய்ச்சலும் இவர்களையும் விடவில்லை.

இவர்களுக்காக 1945 ஜூலை 8-ந் தேதி சிங்கப்பூர்க் கடற்கரையில் நேதாஜி ஒரு ஞாபகச் சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்ற மூன்று சொற்கள் உருதுவில் அதன்மேல் பொறிக்கப்பட்டன. செப்டம்பரில் பிரிட்டிஷார் சிங்கப்பூருக்குத் திரும்பி வந்தார்கள். முதலில் செய்த காரியங்களில் ஒன்று, அந்தச் சின்னத்தை வெடி வைத்துத் தகர்த்தது. மவுண்ட்பேட்டனின் உத்தரவு. சில வாரங்களே அந்தக் கல் நின்றது.

ஆனால் பாருங்கள், வெடி வைத்தவர்கள் எதிர்பாராத காரியம் நடந்தது. அதே 1945 நவம்பரில், செங்கோட்டையில் ஷா நவாஸ், ஸஹ்கல், தில்லான் மூவர்மீதும் விசாரணை ஆரம்பித்தபோது தேசம் முழுவதும் கொந்தளித்தது. கல்லாக ஓர் இடத்தில் நின்றது, வீட்டுக்கு வீடு பேச்சாக மாறியது. இன்று சிங்கப்பூரில் அந்த இடத்தில் 1995-ல் வைத்த ஓர் அடையாளக் கல் இருக்கிறது. மொய்ராங்கிலோ, இடிக்கப்பட்ட சின்னத்தின் அச்சாகவே ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறோம்.

இங்கேதான் நமக்கு ஒரு சங்கடம் வருகிறது. கோஹிமாவில் பெயர் பொறிக்கப்பட்ட 917 பேரும் இந்தியர்கள். மொய்ராங்கில் நினைவு கூரப்படுகிறவர்களும் இந்தியர்கள். ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்ட தரப்புகளில் இருந்தவர்கள். ஒரு சாரார் சாம்ராஜ்யத்தின் உப்பைத் தின்றவர்கள், கூலிக்குச் செத்தவர்கள் என்று சுதந்திரத்துக்குப் பிறகு நாம் சௌகரியமாக மறந்தோம். மறு சாராரை ஜப்பானியரின் கைப்பாவைகள் என்று அன்றைய ஆட்சியாளர்கள் சொன்னார்கள். இரண்டும் அரைகுறைப் பேச்சு. ஜப்பானியர் ஜெயித்திருந்தால் நமக்கு விடுதலை கிடைத்திருக்கும் என்று, சயாம் மரண ரயில் பாதையில் செத்த மலாயாத் தமிழர்களை நினைக்கும்போது நம்ப முடியவில்லை. பிரிட்டிஷ் சேனையின் வெற்றி நம்முடைய வெற்றி என்று சொல்லவும் நாக்கு எழவில்லை. அஸ்ஸாமியச் சிப்பாய் தன் மலையைக் காத்தான். ரப்பர்த் தோட்டத்துத் தமிழன், தான் ஒரு நாளும் கண்டிராத தாய்நாட்டை மீட்கப் புறப்பட்டான். இந்த இரண்டில் எதைக் குறைத்துச் சொல்வது?

தேசம் வளர்ந்துவிட்டது என்பதற்கு ஓர் அடையாளம், இரண்டு கல்லுக்கும் முன்னால் ஒரே மனிதன் நின்று தலை குனிய முடிவதுதான் என்று நினைக்கிறேன். தீர்ப்புச் சொல்வது அப்புறம் இருக்கட்டும். முதலில் பெயரைப் படிப்போம்.

இதற்கு நாகாலாந்துவரை போகத்தான் வேண்டும் என்பதில்லை. சென்னையில் பரங்கிமலைக்குப் பக்கத்தில், நந்தம்பாக்கத்தில், 1952-ல் ஏற்பட்ட யுத்த மயானம் ஒன்று இருக்கிறது. தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் சிதறிக் கிடந்த கல்லறைகளை அங்கே ஒன்றுசேர்த்தார்கள். 850-க்கு மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். வாசலைத் தாண்டித் தினந்தோறும் எத்தனையோ பஸ்கள் போகின்றன. இறங்கிப் பார்ப்பவர்கள் மிகச் சிலரே.

கோஹிமாவில் அந்தச் செர்ரி மரம் சண்டையிலே அழிந்துபோயிற்று. அடிக்கட்டை மட்டும் மிஞ்சியது. பிறகு அதிலிருந்து ஒரு துளிர் கிளம்பி, மரமாகி நின்றது. இந்த விவரத்தை எழுதி அங்கே ஒரு சிறிய பலகையும் வைத்திருக்கிறார்கள். யார் ஜெயித்தது, யார் தோற்றது என்பது மரத்துக்குத் தெரியாது. அதற்குத் தெரிய வேண்டியதும் இல்லை. நமக்குத் தெரிய வேண்டும். தெரிந்துகொண்ட பிறகும் இரு பக்கத்துப் பெயர்களையும் படிக்கும் மனம் வேண்டும். அந்த மனம் கல்லிலிருந்து தானாகத் துளிர்க்காது.